இலையில் நரம்பு

ஆயிரத்துக்கு முந்நூறு குறைவு.
நாலு மணிக்குக் கடையில் கணக்கு முடித்துவிடுவார்கள்.
அப்போதுதான் தாடை வலித்தது.

பல் என்று நினைத்தேன்.
முக்கூடலில் முப்பது வருஷமாய்ப் பீடி சுற்றுகிறவளுக்குத்
தோள்வலி ஒரு வலியா?
இடது கை கனத்தது.
இலை பிடிக்கிற கை, கனக்கத்தான் செய்யும்.
தலைக்கு மேல் காற்றாடி ஓடுகிறது,
ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டுகிறது.
"வாய்வுதான் மதினி" என்றாள் அடுத்த வீட்டுச் சண்முகக்கனி.
ஓமத்தைக் கசக்கி என் வாயில் போட்டாள்.
ஏப்பம் வந்தது.
"பாத்தீயளா?" என்றாள்.

அந்த முந்நூறையும் முடித்தேன்.
இருபத்தைந்து இருபத்தைந்தாய்க் கட்டினேன்.
செக்கர் பதினெட்டைக் கழித்துப் போட்டார்,
வாய் சரியாய் மடங்கவில்லையாம்.
எனக்கு முன்னால்
என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
நெஞ்சில் என்னென்னவோ ஒட்டிக் காகிதத்தை உருவினார்கள்.
கோடு ஓரிடத்தில் பொத்தை மாதிரி எழும்பி
இறங்க மறந்து நின்றது.
"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"
ஒரு மணிக்கு.
"இப்ப ஆறு."
அதற்கு மேல் டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதது நன்றாய்க் கேட்டது.

வலது மணிக்கட்டு வழியாய்க் கம்பி போனது,
கத்தரி பிடிக்கிற கை.
மயக்கம் கொடுக்கவில்லை. திரையைப் பார்த்தேன்.
கறுப்பாய் ஒரு கோடு ஓடி, கிளைத்து,
கிளையும் கிளைத்து,
அட, இலை!
ஊறவைத்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற இலை.
நடு நரம்பு, பக்க நரம்பு,
ஒன்று மட்டும் பாதியில் இல்லை,
யாரோ கத்தியால் கீறி எடுத்த மாதிரி.
கீறுகிறவள் நான்தானே.
முரட்டு நரம்பு இருந்தால் பீடி உருளாது.

மறுநாள் டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.
கொழுப்பு, சாக்கடையில் குப்பை மாதிரிக்
குழாய்க்குள் தேங்குவதில்லையாம்.
சுவருக்குள்ளே புகுந்து, மேலே தோல் மூடி,
வருஷக்கணக்காய்ச் சத்தமில்லாமல் கிடக்குமாம்.
ஒரு நாள் அந்தத் தோல் வெடிக்கும்.
காயம் என்று எண்ணி ரத்தம் ஓடிவந்து உறையும்.
கத்தரி பட்ட விரலைக் காப்பாற்றுகிற
அதே உறைதல்
அங்கே வழியை அடைத்துவிடும்.
உதவிக்கு வந்து குடியைக் கெடுக்கிற சொந்தம்
எனக்கும் உண்டு. புரிந்தது.

"நான் ஒரு பீடி வாயில வச்சதில்லையே, அம்மா."
சர்க்கரை இருந்திருக்கு என்றாள். பிரஷர் இருந்திருக்கு.
நீங்க பாக்கவே இல்ல.
பிறகு மெதுவாய்,
"வீட்டுல யாரு குடிக்கிறாங்க?"
வாசலில் நின்ற அவரைப் பார்த்தேன்.
அவர் தன் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே வைத்த வலைக்குழாய் எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.
விரலில் காட்டினாள்.
அரைப் பீடிகூட இல்லை.
செத்த சதை திரும்ப முளைக்காது,
மிச்சத்தை வைத்து ஓட்டணும் என்றாள்.
மிச்சத்தை வைத்து ஓட்டுவது எனக்கென்ன புதுசா?

ஆடிக் காற்று தூளை வாரிக்கொண்டு போன ஒரு மத்தியானம்
சண்முகக்கனி தாடையைத் தேய்த்தாள்.
"பல்லுதான் மதினி, ராத்திரியிலேர்ந்து..."
அவள் மடித் தட்டைப் பிடுங்கினேன்.
தெரு முழுக்கப் புகையிலை.
செருப்புகூடப் போடவிடாமல் ஆட்டோவில் ஏற்றினேன்.

காகிதத்தில் பொத்தை இல்லை.
ரத்தத்திலும் ஒன்றுமில்லை.
கடைவாய்ப் பல் சொத்தை.

ஆட்டோவுக்கு எழுநூறு,
ஒரு நாள் கூலி, கொட்டிப்போன தூள்,
மூன்று வாரமாய்த் திட்டுகிறாள்,
சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து
எனக்குக் கேட்க வேண்டும் என்றே.
அவள் அம்மா காலத்துச் சண்டையையும் சேர்த்து
இழுத்துத் திட்டுகிறாள்,
ஓரிடத்தில்கூட மூச்சு வாங்காமல்.

கேட்டுக்கொண்டே
இலை நறுக்குகிறேன்.