பதினெட்டாவது ஜாக்கெட்

மஞ்சள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு.
அந்தப் பக்கம்,
போன கோடையில் சவுடு அள்ளிய லாரிகள்
எங்கே எவ்வளவு தோண்டின என்று
தண்ணீருக்குத்தான் தெரியும்.
கயிறு கட்டியது நாங்கள்.
காலி எண்ணெய் கேன் பதினொன்றை
மூடி இறுக்கி மிதவையாகக் கோத்தோம்.

குடியாத்தம் பக்கம், கீழ்வல்லப்பட்டு ஏரி.
மகளிர் குழுவுக்கு நாலு பெடல் படகு,
ஒரு துடுப்புப் படகு,
பதினெட்டு லைஃப் ஜாக்கெட்.
ஏழாம் நம்பருக்குக் கொக்கி உடைந்து
பாவாடை நாடாவால் முடிச்சு.
சீட்டுக் கிழிப்பவள் நான், குணவதி.
எனக்கு நீச்சல் தெரியாது.
யாரும் கேட்டதில்லை.

காணும் பொங்கல்.
புளிச்சோற்றுத் தூக்கும் குழந்தைகளுமாக
கரை கொள்ளாத கூட்டம்.
காலையிலிருந்து தொண்டை கட்டக் கட்டச் சொன்னேன்:
படகுல எழுந்து நிக்காதீங்க.
எடம் மாறணும்னா கரைக்கு வந்து மாறுங்க.
குடிச்சிருந்தா சீட்டு இல்ல, சண்டை போட்டாலும் இல்ல.
மதகுப் பக்கம் வேணாம், மேல சும்மா கீது, அடியில இழுக்கும்.
வேலிக்காத்தான் முழுகிக் கெடக்கு, தலைகீழாக் குதிக்காதீங்க.
யாராவது முழுகினா பின்னாலயே எறங்காதீங்க,
கயிறு வீசுங்க, கேனை வீசுங்க,
துடுப்பு இருந்தா நீட்டுங்க,
ஒண்ணும் இல்லன்னா நின்ன எடத்துலயே
கத்துங்க.

"எனுக்கு நீச்சல் தெரியும்கா" என்றான்
புதுச் சட்டைக்காரன் ஒருத்தன்.
ஜாக்கெட் போட்டால் போட்டோவில் சட்டை தெரியாதாம்.
"ஏரிக்கு உன்னைத் தெரியாதேப்பா" என்றார்
படகு தள்ளும் தேசிங்கு.
முறைத்தான்.
பிறகு போட்டுக்கொண்டான்,
காலரை மட்டும் வெளியே இழுத்துவிட்டு.

ஐந்தரைக்கு விசில்.
படகு ஐந்தும் வந்துவிட்டன.
இரண்டு பனைக்கும் நடுவே கொடியில்
ஈரம் சொட்டச் சொட்ட மாட்டி எண்ணினேன்.
பதினேழு.
இந்தக் கோடியிலிருந்து எண்ணினேன்.
பதினேழு.
தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

இல்லாதது பதினாலாம் நம்பர்.
சின்ன சைஸ்.

தொலைந்தால் எவ்வளவு என்று
குழுக் கூட்டத்தில் நோட்டைப் பிரிப்பார்கள்.
தொலைந்தது ஜாக்கெட் மட்டும் என்றால்.

தேசிங்கு ஒன்றும் கேட்கவில்லை.
துடுப்புப் படகை மதகுப் பக்கம் திருப்பினார்.
கரையில் எஞ்சியிருந்தது
கரும்புச் சக்கை, ஒற்றைச் செருப்பு,
யாரோ விட்டுப்போன தண்ணி பாட்டில்.
மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்க இறங்க
ஏரி பெரிதாகிக்கொண்டே போனது.
அதோ, ஆரஞ்சு!
சிப்ஸ் பாக்கெட்.
அதோ தலை!
நீர்க்காகம். முழுகி,
நான் மூச்சுவிட மறந்திருந்த நேரமெல்லாம் உள்ளேயே இருந்து,
வேறெங்கோ எழுந்தது.

கையில் போன் அதிர்ந்தது.
"சீட்டுக்குப் பின்னால நம்பர் இருந்திச்சும்மா.
பேரணாம்பட்டு பஸ்ல போயிட்டு இருக்கோம்.
இந்த ஆரஞ்சு சட்டையைப்
பையன் கழட்டவே மாட்டேன்னுட்டான்.
இப்ப பாத்தா அதோடவே தூங்கறான்.
நாளைக்குக் கொண்டாந்துடறேன், கோச்சுக்காதீங்க."

"பையன் பேர் என்ன?"
எதற்குக் கேட்டேனோ.
"அஃப்னான்."
"கொக்கி போட்டுக்கீதா?"
"போட்டிருக்கும்மா."
"இருக்கட்டும்.
எறங்கறப்போ எழுப்பாதீங்க."

போனை அணைத்த பிறகுதான்
மார்பில் குளிர் ஏறியது.
சேலை குடையாய் உப்பி என்னைச் சுற்றி மிதந்தது.
மஞ்சள் கயிறு
என் முதுகுக்குப் பின்னால்.
எப்போது இறங்கினேன்,
எப்போது குனிந்து அதைத் தாண்டினேன்,
தெரியவில்லை.
வலது கால் தரையில்.
இடது கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

படகு வந்தது.
தேசிங்கு துடுப்பை நீட்டினார்.
பிடித்தேன், இரண்டு கையாலும்.
போன் எங்கே போனதோ.
அப்புறம் கத்தினார்,
காலையிலிருந்து நான் கத்திய அதே குரலில்,
மதகில் பட்டுத் திரும்பி வந்தது:

"ஜாக்கெட் எங்க?"