தலைகீழ் மரம்

சி ஆற்றில் தண்ணீர் வடியும் மாதம்
வலை நிறைய விரல் நீளத்து மீன்கள்.
தோங்பாய் கொண்டுவந்து கொட்டுவான்.
செதிலெடுத்துப் பொடியாகக் கொத்துவது என் வேலை.
வறுத்த அரிசிப்பொடி, சின்ன வெங்காயம், மிளகாய்,
புதினா, ஒரு கை செவ்வெறும்பு,
கடைசியாக எலுமிச்சை.
பிழிந்ததும் சதை வெளுக்கும்.
வெந்துவிட்டது என்போம்.
வரப்பில் வட்டமாக உட்கார்ந்து
ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தொட்டுத் தின்போம்.
முப்பத்தோரு வருஷம்.
விறகு மிச்சம் என்று
எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட.

கரும்பு வெட்டு முடிந்த வாரம்
அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று.
சிறுநீர் கடுந்தேநீர்.
மலம் களிமண் நிறம்.
பிறகு அரிப்பு.
ராத்திரியெல்லாம் சோளச்சக்கையால்
முதுகைத் தேய்த்துவிடுவேன்.
"இன்னும் உள்ளே" என்பான்.
உள்ளே என்றால் எங்கே என்று
இருவருக்கும் தெரியவில்லை.

கோன் கேன் ஆஸ்பத்திரியில்
டாக்டர் நொப்பாரட் காகிதத்தில் ஒரு மரம் வரைந்தாள்.
தலைகீழ் மரம்.
கிளைகள் கல்லீரலுக்குள்,
அடிமரம் குடலைப் பார்த்து.
"பித்தம் இறங்கும் வழி இது."
கிளைகள் கூடுமிடத்தில் பேனாவை அழுத்தி
ஒரு புள்ளி வைத்தாள்.
மை அடுத்த தாளுக்கும் ஊறியது.
"வழி அடைத்தால் பித்தம் ரத்தத்தில் கலக்கும்.
மஞ்சள் அதனால்தான். அரிப்பும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை.
நான் கேட்டேன்.

மீன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு.
நம் வயிற்றில் இறங்கி, நாளத்தில் ஏறி,
இலை மாதிரி விரிந்து
பத்து வருஷமும் குடியிருக்குமாம்.
அது இருக்கும் இடம் புண்ணாகி, ஆறி,
மறுபடி புண்ணாகி, மறுபடி ஆறி,
ஒருநாள் ஆறுவதை மறந்து
வளர மட்டும் தொடங்குமாம்.
"புழுவைக் கொல்ல மாத்திரை உண்டு.
புழு எழுதிவிட்டுப் போனதை
மாத்திரை அழிக்காது."

"எலுமிச்சை பிழிவேனே?" என்றேன்.

"மீனை வெளுக்க வைக்கும்.
வேக வைக்காது."

என் விரல்களை மடியில் மறைத்துக்கொண்டேன்.

முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு
அடைப்பின் நடுவே ஒரு ஸ்டென்ட் செருகினார்கள்.
குச்சி ஐஸின் குச்சியை விட மெலிந்தது.
நாலாம் நாள் தேநீர் தெளிந்தது.
அன்று அவன் தூங்கினான்.
பழக்கம் விடாமல் நான் விழித்திருந்தேன்.

மஞ்சள் வடிந்தபின் அறுவை.
கல்லீரலில் ஒரு பாதியும் நாளமும் எடுத்து,
மிச்சத்தைக் குடலோடு தைப்பது.
ஏழு மணி நேரம் ஆகும் என்றார்கள்.
இரண்டாவது மணியில் கதவு திறந்தது.
சீக்கிரம் முடிந்தது நல்ல சேதி என்று நினைத்தவள்
அந்த வராந்தாவில் நான் ஒருத்திதான்.

உள்ளே உளுந்து உளுந்தாகச் சிதறியிருந்ததாம்.
எதையும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள்.

இப்போது மூன்று வாரத்துக்கு இரண்டு நாள்
கீமோ சொட்டு.
"குணமாக்க இல்லை, தள்ளிப்போட" என்றாள் நொப்பாரட்.
அவள் பொய் சொல்லாதது
சில நாள் பிடிக்கிறது, சில நாள் பிடிக்கவில்லை.
"எவ்வளவு தூரம் தள்ளும்?"
"ஒரு நடவு. இரண்டும் இருக்கலாம்."
தோங்பாய் விரல் விட்டு எண்ணினான்,
நாற்றுக் கட்டுகளை எண்ணுவதுபோல.

நேற்று அவன் தம்பி விராவுத் ஒரு கிண்ணத்தோடு வந்தான்.
"அண்ணனுக்கு ஆசையாக இருக்கும்.
இனி என்ன ஆகிவிடப் போகிறது, ஒரு வாய்."
தோங்பாய் கிண்ணத்தைப் பார்த்தான்,
பிறகு விராவுத்தின் கண்ணைப் பார்த்தான்,
வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று.

நான் கிண்ணத்தைப் பிடுங்கி
சட்டியில் கொட்டித் தீ மூட்டினேன்.
எறும்புகள் முதலில் வெடித்தன.
யாரும் பேசவில்லை.
ஊற்றிய தண்ணீர் சுண்டும்வரை கிளறினேன்.
முப்பத்தோரு வருஷ விறகு.

என் பெயருக்கும் ஒரு ஸ்கேன் சீட்டு இருக்கிறது,
புதன்கிழமை, காலையில் வெறும் வயிறு.
ஒரே கிண்ணத்தில் தின்றவர்கள்.

அவன் ஒரு கவளம் வாயிலிட்டான்.
மெல்ல மென்றான்.
"எலுமிச்சை போதவில்லை" என்றான்.