ஒன்பது கேபி

பல்லடம் தாண்டிப் போகும் ரோட்டில்
குஞ்சு பொரிப்பகத்தின் கணக்கு அறை.
இரவு ஒன்றே கால்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
இருபத்தோராயிரம் முட்டைகள்
முப்பத்தேழரை டிகிரியில்
மணிக்கொருதரம் புரண்டு படுக்கின்றன.
அலாரம் அடித்தால் எழுந்து ஓடுவது என் வேலை.
அடிக்கவில்லை.

முதலாளி காசு கொடுத்து விண்டோஸ் வாங்கமாட்டார்.
ஆகவே லினக்ஸ்.
ஆகவே நாலு வருசமாக
தீவனமூட்டை நிறத்தில் இந்தத் திரை.
சித்திரை வெக்கை வேறு.
ஒரு பனிமலை இருந்தால் தேவலை என்றிருந்தது.
யாரோ செய்து இலவசமாக விட்ட தீம்:
நீல ஐகான்கள், மெலிந்த எழுத்துரு,
ஒழுகும் துளிபோல் கர்சர்.
ஒரு வரிக் கட்டளை போதும், மீதி தானே இறங்கும்
என்றது குறிப்பு.

இறங்கியது.
எழுத்துரு, சரி.
கர்சர், சரி.
ஐகான்கள், கிடைக்கவில்லை.
பின்னணிப் படம், கிடைக்கவில்லை.
ஆனாலும் கடைசி வரியில் பச்சையாக
"நிறுவல் முடிந்தது, மகிழுங்கள்."

பாதி மொட்டையில் தண்ணீர் நின்றுபோன தலைபோல
இருந்தது திரை.
கோப்புறை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாள்.
குப்பைத்தொட்டி, வெள்ளைத்தாள்.
குஞ்சுக் கணக்கும் அதே.

இறங்கிய பொதியைத் தேடி எடுத்தேன்.
நாற்பது எம்பி இருக்க வேண்டியது
ஒன்பது கேபி.
பிரித்தால் பிரியவில்லை.
ஏழாம் நாள் முட்டையை விளக்கில் காட்டுவோமே, அப்படி
வெறும் எழுத்தாகத் திறந்து பிடித்தேன்.
நரம்பில்லை. கண்ணில்லை.
"நீங்கள் தேடும் பக்கம் இங்கில்லை" என்ற ஒரு பக்கம்
பொதியின் பெயரைப் போர்த்திக்கொண்டு
உள்ளே உட்கார்ந்திருந்தது.
கூமுட்டை.
ஓடு மட்டும் எவ்வளவு ஒழுங்கு.

நிறுவியையே திறந்தேன்.
பதினோரு முகவரிகள்.
ஏழில் ஆளில்லை.
ஒன்றில் ரம்மிக்காரன் குடிவந்திருந்தான்.
ஒன்று என்னிடம் கடவுச்சொல் கேட்டது.
எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில்
செய்தவர் எழுதியிருந்தார்:
"இணைப்பு அறுந்தால் ஒரு மெயில் போடுங்கள்,
அன்றைக்கே சரிசெய்வேன்."
ஆறு வருசம் பழைய தேதி.

போட்டேன், என் இங்கிலீஷில் மூன்று வரி.
இங்கே வெயில் அதிகம் என்பதையும் சேர்த்து.
இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது:
அப்படியொரு பெட்டி கிடையாது.
நல்ல வேலை கிடைத்திருக்கலாம்.
குழந்தை பிறந்திருக்கலாம்.
சர்வர் வாடகை கட்ட மறந்திருக்கலாம்.
நாலாவதாக ஒன்றை நான் நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு பிபின் வந்தான், ட்ரே பார்க்க.
திரையைக் காட்டி "எல்லாம் காலி?" என்றான்,
ஒடிசாவிலிருந்து வந்து கற்ற தமிழில்.
"பேரு இருக்குது, ஆளு இல்ல."
தலையாட்டிவிட்டு
ஒரு முட்டைக்கடியில் விளக்கை வைத்தான்.
உள்ளே சிவந்து, வேர் பிரிந்து,
நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி உதறியது.
செல்போனில் எடுத்தேன்.
பனிமலைக்கு ஒதுக்கிய இடத்தில்
அதை வைத்தேன்.

காலையில் கார்வேந்தண்ணன் சாவியைச் சுழற்றியபடி
திரை முன்னால் நின்றார்.
"ஏங்கண்ணு, இதென்ன தக்காளியா?"
"முட்டைங்க. ஒம்போது இணைப்பு அறுந்துபோச்சுங்க."
"ஈபி பில்லு கட்டறது?"
"அது இருக்குதுங்க."
"அப்பறமென்ன, போச்சாது உடு."

கிளம்புமுன்
செத்த முகவரிகள் ஒவ்வொன்றின் முன்னாலும்
ஒரு குறி போட்டு அடைத்தேன்,
அடுத்து வருகிறவர் முட்டிக்கொள்ளாதபடி.
முதல் வரியை மட்டும்
அப்படியே விட்டிருக்கிறேன்.