நான்கு பூஜ்யம்

ஸ்பீக்கரைத் தேடினேன், அவ்வளவுதான்.
ஞாயிறு மதியம். கறிக்குழம்பு வாசம்
ஏழாவது பிளாக் படியெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது.
புளூடூத் பட்டியலில்
என் தம்பியின் இயர்போன், யாருடையதோ ஒரு டிவி,
அதற்குக் கீழே
'ஹார்ட் பேட்ச் 0417'.

கடவு எண் கேட்டது.
விளையாட்டாக நான்கு பூஜ்யம் போட்டேன்.
கூட்ஸ் வண்டி போய் முடிந்ததும்
கொருக்குப்பேட்டை கேட் ஏறுவதுபோலத்
திறந்துகொண்டது.

பச்சைக் கோடு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
நடுவில் ஒரு தடுக்கல்.
ஓரத்தில் எழுபத்தெட்டு.
கீழ்வீட்டில் குக்கர் மூடி விழுந்தது.
தொண்ணூறு.
அப்போதுதான் தெரிந்தது யாரென்று.

தயாவதி அக்கா.
மணலி கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் சரிபார்ப்பவர்.
போல்டில் ஒரு கீறல் இருந்தாலும்
டிரெய்லரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.
போன மாசம் அங்கேயே மயங்கி விழ,
ஆஸ்பத்திரியில் பதினாலு நாளைக்கு
நெஞ்சில் ஒட்டி அனுப்பினார்கள்.
குளிக்கலாம், வேலைக்குப் போகலாம் என்றார்களாம்.
யாரும் பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்த பிளாக்கில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும்.
சீட்டுக்காசுத் தகராறு, ஜோசப்பின் இருமல்,
புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள்
ராத்திரியில் டிவி சத்தத்தைக் கூட்டுவது.
காலையில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கையில்
எதையும் கேட்காத ஒரு முகத்தோடு நிற்போம்.
சுவர் எங்கே எங்களுக்கு?
அந்த முகம்தான் பூட்டு.

அன்றைக்கே போனை மூடியிருந்தால்
எனக்கும் அது இருந்திருக்கும்.

மூன்று நாள் பார்த்தேன்.
வீட்டுக்காரர் எண்ணூர் லோடுக்குப் போன ராத்திரி
அறுபத்தாறு.
அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது
நூற்றி நாலு.
'நல்லாத்தான் இருக்கேன்' என்று
படியில் என் அம்மாவிடம் சொல்லும்போது
நூற்றிப் பதினொன்று.
விடியக்காலை மூன்று மணிக்கு, ஏனென்று தெரியாது,
கால் மணி நேரம் அது ஓடும்.
இதெல்லாம் தெரிந்துகொள்ள நீ யாருடா
என்று கேட்டுக்கொண்டே
போனுக்குச் சார்ஜ் போட்டேன்.

புதன்கிழமை இன்னொன்று கண்ணில் பட்டது.
'எச்சரிக்கை எல்லை: 140.'
பக்கத்தில் பென்சில் படம்.
தொட்டால் இருநூறு ஆக்கலாம்.
அப்புறம் அந்த நெஞ்சு என்ன கத்தினாலும்
ஆஸ்பத்திரியில் மணி அடிக்காது.
விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கீழே பைக் மேல் நாலு பேர், நாலு போன்.
நாலு பூஜ்யம் போட யாருக்குத் தெரியாது?

எண்ணை மாற்றினேன்.
மாற்றிய பிறகுதான் உறைத்தது,
அவர் கட்டிலோரப் பெட்டிக்குப்
பழைய எண்தானே தெரியும்.
ஆஸ்பத்திரிக்கு இப்போது ஒன்றுமே போகவில்லை.
பூட்டிவிட்டேன்.
சாவி என்னிடம் மட்டும்.

பதினெட்டுப் படி இறங்கினேன்.
பெட்டியில் சிவப்பு விளக்கு.
அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாளையும்.

கத்தவில்லை.
'பழைய நம்பர்?'
சொன்னேன்.
'இதுக்குப் பேரு சீலா' என்றார்.
அப்புறம், யார்டில் கேட்பதுபோல,
'தொறந்தவன்கிட்ட ஒண்ணுதான் கேப்போம்.
உள்ளருந்து என்ன எடுத்த?'

என் கையில் திரை இன்னும் பச்சையாக இருந்தது.
எண்பத்திரண்டு. அசையவில்லை.
படபடத்தது என்னுடையது.

போனை வாங்கி
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
நாலு எண் அழுத்தினார்.
பெட்டியிலும் அதையே.
இணைப்பு இல்லை என்றது என் போன்.

மறுநாள் லாரியில்
எனக்கு முன்னால் குடத்தை வைத்தார்.
எதையும் கேட்காத அதே முகம்.
நானும் வைத்துப் பார்த்தேன்.
வரவில்லை.