ஒன்பதாவது துளை

எமரால்டில் தை நாலாம் நாள் காலை.
மாட்டுத் தொட்டித் தண்ணீரின் மேல்
மெல்லிய ஏடு கட்டியிருக்கிறது.
சுண்டுவிரலால் அழுத்துகிறேன்.
அரை அங்குலம்கூட இல்லை.
ஒரு கோழியைத் தாங்கும்.
சேவலென்றால் யோசிக்க வேண்டும்.

"லீவுல வந்தவரு தொட்டிய அளக்கிறாரு"
என்று பால் செம்போடு சிரிக்கிறாள் சுகந்தா.
அவளுக்கு நிற்க நேரமில்லை.
கொழுந்தின் மேல் நேற்று அந்தியில் பரப்பிய
காய்ந்த தாகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்
வெயில் ஏறுமுன்.
பின்னாலேயே போகிறேன்.
புல்லெல்லாம் உப்பு கொட்டிக் கிடக்கிறது,
செருப்புக்கடியில் நொறுங்குகிறது.

அங்கே நேர்மாறு.
குளிர் இன்னும் உள்ளே இறங்கட்டும் என்று
ஆற்றின் மேல் விழுந்த பனியைப் பெருக்கித் தள்ளினோம்.
பனி போர்வையடா, ஆற்றுக்குக் கதகதப்பு
என்று சுபேதார் சொன்னபோது
ஒருவரும் நம்பவில்லை.
வைக்கோல் பரப்பி, குறுக்கே கழிகள் அடுக்கி,
ராத்திரி முழுக்க பம்பு வைத்து இறைத்தோம்.
ஒரு விரல் கனம் உறையும்.
மறுபடி இறைப்போம்.
நாற்றங்காலுக்குப் பாய்ச்சுகிற மாதிரிதான்,
முளைத்தது மட்டும் ரோடு.

திரவியம் தருவைகுளத்துக்காரன், லாரி டிரைவர்.
ஐஸ் என்றால் அவனுக்கு மீன் பெட்டி.
முதல் நாள் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"எங்கூர்ல இதுக்குள்ள மீன வைப்போம் அண்ணாச்சி,
இங்க மீனுக்கு மேல நம்மள வைக்காவ."

பதினைந்து அடிக்கு ஒரு துளை.
துரப்பணத்தைச் சுற்றி, தண்ணீர் பொங்கியதும்
கொக்கி வைத்த கோலை இறக்கி
அடி விளிம்பில் மாட்டி இழுத்தால் கனம் தெரியும்.
கறுத்துத் தெளிந்த ஐஸை நம்பலாம்.
வெள்ளை ஐஸ் புளுகும்,
அது சொல்வதில் பாதிதான் கணக்கு.
எட்டுத் துளை போட்டேன்.
எட்டாவதில் இருபத்திரண்டு அங்குலம்.

ஒன்பதாவது இடத்தில் முட்டி போட்டேன்.
விரல்கள் யாருடையவோ போலிருந்தன.
கரையில் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றன,
அணைத்தால் திரும்பக் கிளம்பாது.
நோட்டில் எழுதினேன்:
ஒன்பது. இருபத்திரண்டு.
பென்சிலால்தான். பேனா மை அங்கே உறைந்துவிடும்.

கதவைத் திறந்து வைத்து, பெல்ட் போடாமல்,
நடை வேகத்தில் வந்தான் திரவியம்.
விரட்டினால் அடியில் தண்ணீர் அலையாக முன்னோடி
மேலே கிடப்பதைப் பிளந்துவிடும்.
எட்டைத் தாண்டினான்.
ஐஸ் ஒரு சத்தம் போட்டது,
தூரத்தில் பெரிய கதவொன்றை யாரோ தாழிட்டதைப் போல.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.
இருபத்தாறு லாரி. மண்ணெண்ணெய், மாவு,
ஒரு லாரி முழுக்க முட்டை.
ஒரு முட்டைகூட உடையவில்லை என்று கைதட்டினார்கள்.
பிறகு ஆறு தானாகவே உடைந்து
ரோட்டைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனது.
என் நோட்டில் யாரோ ஓர் அதிகாரி
'நன்று' என்று கையெழுத்திட்டிருந்தார்.
பிடிபட்டிருந்தால் ஒரு வாரம் தண்டனை,
அதோடு முடிந்திருக்கும்.

பொங்கலன்று போன் செய்தான் திரவியம்.
மகள் பிறந்திருக்கிறாளாம்.
"நீங்கதான் பேரு சொல்லணும் அண்ணாச்சி,
ஒங்க கொடிய நம்பித்தானே வந்தேன்."
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.
சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கடைசி வரிசையில் சுகந்தா நிற்கிறாள்.
நாலு செடி. வெயில் பட்டதும் கருகத் தொடங்கிவிட்டன.
"இருட்டிப்போச்சு, கையெல்லாம் விறைச்சுது,
இத மட்டும் மூடாம விட்டுட்டேன்" என்கிறாள்,
மணி என்ன என்று சொல்வதைப் போல.
சொல்லிவிட்டு
கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள்.

திரும்பி வரும்போது
மாடு மூக்கால் ஏட்டை உடைத்துக்
குடித்துக்கொண்டிருக்கிறது.
சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறேன்.
விரல்கள் என்னுடையவைதான்.