புறத்தேர்வாளர்

அரக்கு வைத்த வினாத்தாள் உறையோடு
ஏர்வாடி போகும் பேருந்திலிருந்து இறங்கினேன்.
பங்குனிக் கடைசி. கச்சான் இன்னும்
முழுசாகக் கிளம்பவில்லை, ஆனாலும்
குடையைத் திருப்பிப் போட அது போதும்.

நாட்காட்டியில் பார்த்த கட்டடம்தான்.
அந்தப் படத்தில் ஆளே இல்லை.
இங்கே தூணுக்குத் தூண் சாப்பாட்டுப் பை,
சைக்கிள், லாரித் தண்ணீருக்கு
வரிசை போட்டுவைத்த நீலக் குடங்கள்.
வரைந்தவர் பெயரைச் சொன்னால்
எங்கள் ஊர்ப் பொறியாளர்கள் எழுந்து நிற்பார்கள்.
வாசலில் பித்தளைத் தகட்டை உப்பு தின்றிருந்தது.
தலைப்பெழுத்து மட்டும் மிச்சம்.

இயற்பியல் ஆய்வகம் இரண்டாம் மாடி.
தெற்கே சுவர் என்று இருப்பது
செங்கல்லில் நெய்த சல்லடை.
ஓட்டைக்கு ஒரு கடல்.
வாய் பிளந்து நின்றவளிடம்
"மேம், கையெழுத்து" என்றார் உதவியாளர் பூமயில்,
பறக்கிற தாள்மேல் எடைக்கல்லை வைத்தபடி.

சீட்டுக் குலுக்கியதில்
தனி ஊசல் வந்தது ஜெய்னம்புக்கு.
நூலைக் கட்டினாள். குண்டை விட்டாள்.
வட்டம் அடித்தது.
மறுபடி விட்டாள்.
முட்டை போட்டது.
கடலில் இருந்து நேரே வருகிற காற்றுக்குப்
புவியீர்ப்பின் மேல் ஒரு மரியாதையும் கிடையாது.

அரை மணி போனபின் கேட்டாள்:
"மேம், குளத்துல வச்சு எடுக்கட்டுமா?"

எந்தக் குளம்?

முற்றத்தில்,
வானம் முகம் பார்த்துக்கொள்ள
அவர் வெட்டிவைத்த தொட்டி.
ஆள் ஆழம், நாலு பக்கமும் கருங்கல்.
திறப்பு விழாவுக்கு நிரப்பினார்களாம், அத்தோடு சரி.
குடிக்கவே லாரி வருகிற மண்ணில்
வானத்துக்கு யார் கண்ணாடி வாங்கித் தருவது?
இப்போது அடியில் சுண்ணாம்புக் கோடு, குறுக்கே வலை.
"பத்து மைலுக்கு இறகுப்பந்து
நேரா விழுறது இங்க மட்டும்தான்" என்றார் பூமயில்.

விதிப் புத்தகத்தில் குளத்தைப் பற்றி எதுவும் இல்லை.
கூடாது என்றும் இல்லை.

துப்பட்டாவை இடுப்பில் செருகி
தாங்கியைத் தோளில் சாய்த்து அவள் இறங்கினாள்.
பின்னாலேயே நான், நிறுத்துக் கடிகாரத்தோடு,
ஊரெல்லாம் வந்து படம் பிடிக்கும் அந்தப் படிக்கட்டை
எண்ணக்கூட மறந்து.

மேலே காற்று ஊளையிட்டது.
கீழே நூல் போனது, வந்தது,
கோடு கிழித்தாற்போல.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
மறுபடியும். நீளத்தை மாற்றி மறுபடியும்.
கல்லில் குந்தியபடியே கணக்குப் போட்டு
நீட்டினாள்: ஒன்பது புள்ளி ஏழு எட்டு.

சோதனை நடந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
'ஆய்வகம்' என்று எழுதினேன்.
பொய் இல்லை என்றுதான் தோன்றியது.
யோசிப்பதற்குள் மட்டையோடு நாலு பெண்கள்
படியில் வந்து நின்றார்கள்:
"மேம், எங்களுக்கு நாலு மணி ஆட்டம்,
கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா?"