எடைக் குறைவு

மண்டபத்தில் ஏற்றியது எண்பது மூட்டைக் கடல்பாசி.
மானாமதுரையில் இறங்கியதும் எண்பதுதான்.
எடையில் மட்டும்
நாற்பத்தொரு கிலோவைக் காணோம்.

கிளெய்ம் பார்க்கும் ஏஐ
நாலே விநாடியில் சொல்லிவிட்டது:
திருட்டு. தொண்ணூற்றிரண்டு சதவீதம்.
லாரி ஓட்டியவர் நம்புவேல்.

"கச்சான் காத்து குடிச்சிருக்கும், மேடம்."

காரணப் பட்டியலைத் தேடினேன்.
மழை இருக்கிறது, விபத்து இருக்கிறது,
எலிகூட இருக்கிறது.
காற்று இல்லை.

ஒரு மூட்டையை
விடிகாலை ஈரத்தோடு ஒரு தடவை,
வெயில் சாய்ந்தபின் ஒரு தடவை
தராசில் ஏற்றிப் படமெடுத்தேன்.
அரைக் கிலோ கம்மி.
அனுப்பினேன்.

மூச்சு விடுமுன் பதில்:
இரண்டு படத்திலும் இருப்பது ஒரே மூட்டை.
நகல். நிராகரிக்கப்பட்டது.

நம்புவேல் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"கண்ணு நல்லாத்தான் தெரியுது
அதுக்கு."